பேர் தெரியாத பழைய ஆட்டக்காரரிடம் முதலில் போங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 10 வயது, பேஸ்பால் என்றால் உயிர். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களிடம் மைதானத்திலேயே ஆட்டோகிராஃப் வாங்குவது எப்படி? கையெழுத்துப் போட்ட பந்து கடையிலேயே கிடைக்கும்போது இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?

மினியாபொலிஸில் குடியேறியதிலிருந்து மினசோட்டா ட்வின்ஸ்தான் என் அணி. வீட்டு அலமாரியில் இருக்கும் பந்துகளும், ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகளும் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. அவர்களில் பலருடைய பெயர் இங்கேயே பிறந்து வளர்ந்த என் அலுவலக நண்பர்களுக்குக்கூடத் தெரியாது. உங்கள் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீளமான வரிசை நிற்கும் நட்சத்திரம் அங்கேயே இருக்கட்டும், பக்கத்து மேஜையில் யாரும் வராமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் முதலில் போகட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது ஆடுகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது கடினம். மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் முடியும்வரை 162 ஆட்டம். மைதானத்துக்கு வந்தால் பயிற்சி, மீட்டிங் என்று நேரம் போய்விடும். டக்அவுட் (களத்தோரம் அணி உட்காரும் இடம்) சுவரோரம் அத்தனை பிள்ளைகள் கை நீட்டும்போது ஏழெட்டுப் பேருக்குப் போட்டுவிட்டு ஓடத்தான் அவர்களால் முடியும். ஓய்வுபெற்றவர்களுக்கு அந்த அவசரம் கிடையாது. பேசுவார்கள். பேசத்தான் வந்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அவர்களை எங்கே பார்ப்பது? பலரும் கவனிக்காமல் விடும் இடம் களத்துக்குள்ளேயே இருக்கிறது. முதல் பேஸ் பக்கம் நிற்கும் கோச், பேட்டிங் கோச், பிட்சிங் கோச் எல்லோரையும் ஒருமுறை இணையத்தில் தேடிப் பாருங்கள். பலர் ஒரு காலத்தில் பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீகில் ஆடியவர்கள். சிறுவர் கூட்டம் அவர்களைத் தாண்டி ஓடும், கோச் சும்மா நின்றுகொண்டிருப்பார். அடுத்தது வர்ணனையாளர்கள். ட்வின்ஸ் ஆட்டங்களைப் பல ஆண்டுகள் ரேடியோவில் சொன்ன டான் கிளாடன் யார் தெரியுமா? 1991 வேர்ல்ட் சீரிஸின் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், அந்த ஆட்டத்தின் ஒரே ரன்னை எடுத்தவர். ஜீன் லார்கின் அடித்த பந்தில் கிளாடன் ஓடி வந்து ஹோம் பிளேட்டை மிதித்தார், 1-0, கோப்பை மினசோட்டாவுக்கு. அப்படிப்பட்டவர் ரேடியோ அறைக்கு நடந்து போகும்போது சீருடை இல்லாததால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் ஸ்பிரிங் டிரெய்னிங், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம், இதற்கென்றே அமைந்த காலம். 15 அணிகள் ஃப்ளோரிடாவில், 15 அணிகள் அரிசோனாவில். ட்வின்ஸ் 1991 முதல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் பயிற்சி எடுக்கிறது. காலையில் பெரிய மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிக் களங்களுக்குப் போனால் வேலிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள். இளைஞர்களுக்குச் சொல்லித்தர பழைய ஜாம்பவான்களை அணி அழைத்து வைத்திருக்கும். டோனி ஒலிவாவும் ராட் கெரூவும் அங்கே பல ஆண்டுகள் வந்திருக்கிறார்கள். ஒலிவா கியூபாக்காரர். அமெரிக்கா வருவதற்குத் தம்பி அன்டோனியோவின் ஆவணத்தைப் பயன்படுத்தியதால்தான் பெத்ரோவாக இருந்தவர் டோனி ஆனார். 1964, 1965, 1971 மூன்று ஆண்டும் மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் பேட்டிங் பட்டம் (அதிக பேட்டிங் சராசரிக்கு) அவருக்கு. ஆனாலும் பேஸ்பாலின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க 2022 வரை காத்திருக்க வைத்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கொண்டுபோக வேண்டியவை குறைவு. புதுப் பந்து ஒன்று, நீல மையில் நல்ல பால்பாயிண்ட் பேனா இரண்டு. பந்தில் ஷார்பி (மார்க்கர் பேனா) வேண்டவே வேண்டாம். நாளாக ஆகத் தோலில் மை பரவி எழுத்து கலங்கிவிடும். கார்டுக்கும் படத்துக்கும் ஷார்பிதான் சரி. பந்தில் இரண்டு தையல்களும் நெருங்கி வரும் குறுகிய இடத்தை ஸ்வீட் ஸ்பாட் என்பார்கள். ஒருவர் மட்டும் போடும் கையெழுத்து அங்கேதான் வர வேண்டும், அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பந்தைத் திருப்பிக் கொடுங்கள். கார்டு என்றால் பிளாஸ்டிக் உறையிலிருந்து முன்னமே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்; மைக்குப் பெரிய எதிரி வெளிச்சம்.

பேர் தெரியாதவர்களிடம் போவதற்குக் கார்டு போல உதவும் பொருள் வேறில்லை. 1970களிலும் 80களிலும் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கார்டுகளில் சாதாரண ஆட்டக்காரர்களுடையது ஒரு டாலருக்கும் குறைவாகவே கிடைக்கும். எந்த வாரம் எந்தப் பழைய ஆட்டக்காரர் வருகிறார் என்று அணியின் இணையதளத்தில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அவருடைய கார்டை வாங்கி, பின்பக்கத்தை மகனை வாசிக்கச் சொல்லுங்கள். சொந்த ஊர், உயரம், ஒவ்வொரு ஆண்டும் எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி தயார் செய்தால் போதும்.

ஒருமுறை நான் போன நிகழ்ச்சியில் இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே 70களில் கொஞ்ச காலம் ஆடிய ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசுபவர்) ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில். அவருடைய கார்டின் பின்னால் அந்த ஆண்டுக்கு நேராக வெற்றி 1 என்று இருந்தது. "அந்த ஒரு வெற்றி எந்த அணிக்கு எதிராக, ஐயா?" என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேர் பேஸில் நிற்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீசியது ஒரே ஒரு பந்து, சிங்கர் (sinker), அதாவது கடைசியில் கீழே இறங்கும் பந்து. அடித்தது தரையோடு உருண்டது, டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்), இன்னிங்ஸ் முடிந்தது. அடுத்த பாதியில் அவருடைய அணி ரன் எடுத்து ஜெயிக்க, அப்போதைய பிட்சர் அவர்தான் என்பதால் கணக்கில் வெற்றி அவர் பெயரில். அதுவரை ஆட்டம் முழுக்க வீசியவருக்குக் கிடைக்காதது ஒரு பந்து வீசியவருக்குக் கிடைத்தது என்று சொல்லிவிட்டு, என் பந்தை எடுத்து அந்தச் சிங்கரை எப்படிப் பிடித்தார் என்று காட்டினார். குறுகிய தையல்கள் இரண்டின் மேலும் இரண்டு விரல், கீழே கட்டைவிரல். பிறகு அந்த விரல்கள் இருந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, எங்கிருந்து வருகிறேன், எங்கள் ஊரில் கிரிக்கெட் பந்தை எப்படிப் பிடிப்பார்கள் என்று அவர் கேட்க ஆரம்பித்தார். பக்கத்து வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, எங்களை அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை. கடையில் வாங்கும் பந்தில் இது இல்லை என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்.

பெயர் போட்டுக் கொடுக்கச் சொன்னால் விற்கும்போது மதிப்பு குறையும் என்று சேகரிப்பவர்கள் எச்சரிப்பார்கள். குறையட்டும். உங்கள் மகன் பெயரைப் போட்டே வாங்குங்கள். விற்க வந்தவன் இல்லை, ஆசையாக வந்த பிள்ளை என்று எதிரே இருப்பவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

கையெழுத்து என்றால் ட்வின்ஸின் பழைய நட்சத்திரம் ஹார்மன் கில்லபுருவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 573 ஹோம் ரன் அடித்தவர், 1984ல் ஹால் ஆஃப் ஃபேம். அவருடைய கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும், பள்ளி நோட்டில் எழுதியது மாதிரி. இளம் ட்வின்ஸ் ஆட்டக்காரர்கள் கிறுக்கினால் கூப்பிட்டுக் கண்டிப்பார். டோரி ஹண்டர் அப்படித் திட்டு வாங்கியதைத் தானே சொல்லியிருக்கிறார்: இத்தனை பாடுபட்டு ஆடிவிட்டு, யார் போட்டது என்றே தெரியாத மாதிரி கையெழுத்துப் போடலாமா என்பதுதான் கில்லபுருவின் கேள்வி. ஹண்டர் அதன்பின் மாற்றிக்கொண்டார், தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொன்னார். கில்லபுரு 2011ல் இறந்தார். ட்வின்ஸின் மைதானமான டார்கெட் ஃபீல்டில் மூன்றாம் எண் வாசல் அவருடைய சீருடை எண்ணால் வந்தது. அந்த வழியாகத்தான் நான் எப்போதும் உள்ளே போவேன்.

இனி காசு விஷயம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் கட்டணம். நியூயார்க் மாநிலத்தில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் ஜூலை விழா வாரம் போனால் பெரிய பெயர்கள் எல்லாம் கட்டணத்துக்குத்தான் போடுகிறார்கள். கோடீஸ்வரர்கள் எதற்குக் காசு கேட்கிறார்கள் என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இன்றைய சம்பளத்தை வைத்து அன்றைய ஆளை அளக்கக் கூடாது. 1980க்கு முன் ஆடியவருக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் நான்கு ஆண்டு சேவை இருக்க வேண்டும். 1980ல் வந்த ஒப்பந்தம் அதை 43 நாட்களாகக் குறைத்தது. ஆனால் ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுக்கு அது பொருந்தவில்லை. மூன்றரை ஆண்டு மேஜர் லீகில் ஆடியவர் வெறுங்கையோடு நின்றார். 2011ல்தான் அவர்களுக்கு என்று ஒரு தொகை ஏற்பாடானது. ஆடிய காலத்துக்கு ஏற்பக் கணக்கிட்டு, அதிகபட்சமாக ஆண்டுக்கு 10,000 டாலர் என்று வைத்தார்கள். அதுவும் ஓய்வூதியம் ஆகாது. அவர் இறந்தால் நின்றுவிடும், மனைவிக்குப் போகாது. நீங்கள் நீட்டும் அந்த நோட்டு அப்படி ஒருவருடைய வீட்டுக்குப் போகலாம். பேரம் பேசாமல் கொடுங்கள்.

சின்னச் சந்திப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ராட் கெரூவின் கதை இருக்கிறது. ஏழு முறை பேட்டிங் பட்டம் வென்ற அவருக்கு 2015ல் கடுமையான மாரடைப்பு வந்தது. 2016 டிசம்பரில் இதயமும் சிறுநீரகமும் மாற்றிப் பொருத்தினார்கள். கொடுத்தது கான்ராட் ரூலண்ட் என்ற 29 வயது அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரரின் குடும்பம்; மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அவர் இறந்திருந்தார். சிறுவனாக இருந்தபோது கான்ராட் கெரூவைத் தன் பள்ளியில் சந்தித்திருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தான் என்று அவருடைய தாய் நினைவுகூர்ந்தார். மகனின் இதயத் துடிப்பைக் கெரூவின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து அந்தத் தாய் கேட்டார். இதை எப்போது எழுதினாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. 1990களில் எஃப்.பி.ஐ. ஆபரேஷன் புல்பென் என்ற விசாரணையில் கள்ளக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. சிக்கிய பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட இருந்தது! 2001 முதல் மேஜர் லீக் தானே சான்று கொடுத்து ஹோலோகிராம் ஒட்டுகிறது. கடையில் வாங்கினால் இதெல்லாம் பார்க்க வேண்டும். கண்ணெதிரே வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

மகனிடம் இதையும் சொல்லி அனுப்புங்கள். ஒருவரிடம் ஒன்றுக்கு மேல் நீட்டக் கூடாது. வயதான கை, அதிலும் கேட்ச்சராக இருந்தவர் என்றால் விரல்கள் பல முறை உடைந்து சேர்ந்தவையாக இருக்கும். அவர் சாப்பிட்டுக்கொண்டோ பேரப்பிள்ளையோடு நடந்துகொண்டோ இருந்தால் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாங்கியதும் நன்றி சொல்லி, கையெழுத்தைச் சத்தமாக ஒருமுறை வாசித்துக் காட்டினால் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று பாருங்கள்.

நீங்கள் நியூ ஜெர்சி என்பதால் யாங்கீ ஸ்டேடியத்தில் பழைய ஆட்டக்காரர்கள் கூடும் ஓல்ட் டைமர்ஸ் டே உங்களுக்குப் பக்கம்தான், ஆனால் கூட்டம் அதிகம். பிரிட்ஜ்வாட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பெருமாள் கோயில் இருக்கும் அதே ஊரில்தான் சாமர்செட் பேட்ரியட்ஸ் ஆடுகிறார்கள். 2021 முதல் யாங்கீஸின் டபுள்-ஏ அணி, அதாவது மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே ஆடும் அணி. 1977ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஸ்பார்க்கி லைல்தான் 1998 முதல் 2012 வரை அதன் மேனேஜர். டிக்கெட் மலிவு, இருக்கைக்கும் களத்துக்கும் நாலு எட்டு. வருகிற எதிரணியின் கோச்சுகள் யார் யார் என்று முந்தைய நாள் இரவே மகனோடு உட்கார்ந்து தேடுங்கள். கதவு திறந்ததும் உள்ளே போய், எதிரணி டக்அவுட் பக்கம் நில்லுங்கள்; உள்ளூர்க் கூட்டம் முழுக்க மறுபக்கம் இருக்கும்.