நாத்தனார் தந்த கேப்சூல், மாமியார் தர்ற அமுக்கரா

கேள்வி: எனக்கு 34 வயசு. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் போடுறேன், தைராய்டு மாத்திரை, கருத்தடை மாத்திரையும் உண்டு. ஜெர்மனியில இருக்கிற நாத்தனார் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கேப்சூல் குடுத்தாங்க, மாமியார் ராத்திரி பால்ல அமுக்கரா பொடி கலந்து தர்றாங்க. மூலிகைதானே, சேர்த்துச் சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த கேப்சூலை இன்னும் ஆரம்பிக்கலைன்னா ஆரம்பிக்கவே வேணாம்மா, ஆரம்பிச்சிருந்தா இன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க. நாத்தனார் ஒண்ணும் தப்பா சொல்லல, லேசான மனச்சோர்வுக்கு அது கேக்கும்னு ஆராய்ச்சியே இருக்கு, ஜெர்மனியில டாக்டருங்களே எழுதித் தர்றாங்க. நல்லா வேலை செய்யுறதாலதான் உங்களுக்கு வம்பே. எஸ்சிட்டலோப்ராமும் மூளையில மனநிலையைப் பாத்துக்கிற செரோடோனின்ங்கிற ரசாயனத்தை ஏத்தும், இதுவும் ஏத்தும், ரெண்டும் சேர்ந்தா கை நடுக்கம், வேர்வை, பேதி, நெஞ்சு படபடப்புன்னு ஆரம்பிச்சு காய்ச்சல், உடம்பு விறைப்பு வரைக்கும் போகலாம், அப்படி வந்தா காலையில பாத்துக்கலாம்னு படுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

இன்னொண்ணு, அதுல இருக்கிற ஹைப்பர்ஃபோரின் கல்லீரல் என்சைமை முடுக்கிவிட்டுடும், மத்த மாத்திரைங்க வேலையை முடிக்கிறதுக்குள்ள உடம்பு அதுங்கள வெளிய தள்ளிடும். கருத்தடை மாத்திரையை ஒருநாள் விடாம போட்டும் நாள் தள்ளிப்போச்சேன்னு முழிக்க வேண்டியிருக்கும். ரத்தம் உறையாம இருக்கப் போடுற வார்ஃபரின், இதயத்துக்குப் போடுற டிகாக்ஸின், கிட்னி மாத்தினவங்க போடுற சைக்ளோஸ்போரின் எல்லாத்துக்கும் இதே கதைதான். ஹெச்ஐவி மருந்து இண்டினாவிர் அளவு ரத்தத்துல சரிஞ்சதைப் பாத்துட்டு 2000லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு. கேப்சூலை நிறுத்தினாலும் என்சைம் அடங்க ரெண்டு வாரம் போல ஆகும், அதனால சாப்பிட்டிருந்தீங்கன்னா நிறுத்தின நாள்ல இருந்து ஒரு மாசத்துக்கு காண்டமும் சேர்த்துக்கங்க.

அமுக்கரா இந்த அளவுக்கு முரட்டு ஆள் இல்ல, ஆனா தைராய்டு ஹார்மோனை ஏத்தி விடக்கூடியது, நீங்க ஏற்கனவே அதுக்கு மாத்திரை போடுறீங்க, தூக்க மாத்திரை ஏதாவது இருந்தா மயக்கமும் கூடும், அபூர்வமா சிலருக்கு கல்லீரலும் பாதிச்சிருக்கு. இப்போதைக்கு வெறும் பால் போதும், தைராய்டு அளவு பாக்குற டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்க. மாமியார் முகம் வாடினா டாக்டர் தலையில பழியைப் போட்டுடுங்க, டாக்டருங்களுக்கு இது பழக்கம்தான்.

எஸ்சிட்டலோப்ராமை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, சட்டுனு விட்டா தலைசுத்தல், மண்டைக்குள்ள சுளீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி எல்லாம் வரும். வேணாம்னு தோணுச்சுன்னா டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா டோஸைக் குறைச்சுத் தருவார். போகும்போது கேப்சூல் டப்பா, பொடி பாக்கெட், மத்த மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.