மேடைக் கிடாரும் மூன்று சாட்சிகளும்

அன்புள்ள ஐயா,

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பல வருடம் லீட் கிடார் வாசித்த அண்ணன் ஒருவர் சமீபத்தில் காலமானார். பதினாறாம் நாள் காரியத்தன்று சாப்பிட்டு முடித்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. ஆளாளுக்கு அவருடைய கச்சேரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஆடித் திருவிழாவில் ‘இளைய நிலா பொழிகிறதே’ பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது, அவர் நிறுத்தாமல் வாசித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் ஒரு நண்பர், அது நம் தெருவே இல்லை, புளியந்தோப்பு என்கிறார். அன்றைக்கு மைக் செட் போட்ட பெரியவரோ கரண்டே போகவில்லை என்று சாதிக்கிறார். எங்களிடம் ஒரு கேசட்கூட இல்லை. இவற்றைச் சேர்த்து எழுதலாமா? இந்த முரண்பாடுகளை என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

எழுதுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்தது. பாடியவர் எஸ்.பி.பி., எழுதியவர் வைரமுத்து, இசை இளையராஜா. இதெல்லாம் அன்றைக்கே ஊருக்குத் தெரியும். கிடார் வாசித்தவர் சந்திரசேகர் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வாத்தியக்காரர்களின் பெயரை இசைத்தட்டு உறையில் போடும் வழக்கம் அப்போது பெரும்பாலும் இல்லை. இத்தனைக்கும் இளையராஜாவே கிடார் வாசித்து மேலே வந்தவர், சலில் சௌத்ரியின் குழுவில் வாசித்தவர். நாடே கேட்ட விரல்களுக்கே இந்த நிலைமை என்றால், அதே பாட்டை உங்கள் தெருவில் வாசித்தவரைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? உங்களை விட்டால் ஆள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டுடியோவில் வாசித்தவர்களுக்கு முன்னால் எழுதிவைத்த இசைக்குறிப்பு இருந்தது. மேடைக் கலைஞர்கள் பலருக்கு கேசட்தான். ரீவைண்ட் செய்து செய்து, ஒவ்வொரு ஸ்வரமாகக் காதால் பிடிக்க வேண்டும். டேப் ரெக்கார்டர் கொஞ்சம் வேகமாக ஓடினால் சுருதியே ஏறிவிடும். அதையும் கணக்கில் வைத்துக் கம்பியை முறுக்க வேண்டும். உங்கள் அண்ணன் அந்த இடையிசையை எப்படிப் பாடம் செய்தார்? கூட வாசித்த பேஸ் கிடார்காரரைக் கேளுங்கள். முதலில் யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதையும் கேளுங்கள். பெரம்பூரில் ரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளில் கிடார் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு ஆதி பாடம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் கிடாரில் ஆம்ப்ளிஃபயர் நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதே கஷ்டம். திருவிழாக் கூட்டத்தில் சுத்தமாகக் கேட்காது. நீங்கள் கேட்டீர்கள் என்றால் அவர் கையில் இருந்தது கரண்ட் இல்லாமலே ஒலிக்கும் பெட்டிக் கிடாராக இருந்து நீங்கள் மேடையை ஒட்டி நின்றிருக்க வேண்டும், இல்லை மைக் செட் ஜெனரேட்டரில் ஓடியிருக்க வேண்டும். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. தெரு விளக்கும் வீடுகளும் ஒரே நேரத்தில் அணைந்தன, நீங்கள் பார்த்தது அது. பெரியவரின் ஆம்ப்ளிஃபயரில் விளக்கு அணையவே இல்லை, அவர் பார்த்தது இது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். புளியந்தோப்பு என்று சொல்பவரையும் ஒதுக்காதீர்கள். ஆடி முழுக்கக் கச்சேரி இருந்த மனிதர். ஒரே பாட்டை எத்தனை தெருவில் வாசித்திருப்பார்! மூன்றையும் அவரவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். ஒன்றாக்கி மெழுகிவிட வேண்டாம்.

‘அற்புதமாக வாசித்தார்’, ‘மெய்மறந்தோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். யாரைப் பற்றியும் அப்படி எழுதிவிடலாம். கை என்ன செய்தது என்று எழுதுங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு திருவிழாக் கச்சேரியில் நான் பார்த்த கிடார் கலைஞரைச் சொல்கிறேன். பாட்டு தொடங்கப் போகும் நேரத்தில் விழாக் குழுவினர் மைக்கை வாங்கி நன்கொடையாளர் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். பட்டியல் முடிகிற வழியாகத் தெரியவில்லை. அவர் கிடாரின் கழுத்தில் காதை ஒட்டிவைத்து, இரண்டாவது கம்பியை மெல்ல மெல்ல முறுக்கி, சுருதி சேர்ந்ததும் கைக்குட்டையால் ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழ்வரை துடைத்தார். கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், விரலில் சொரசொரக்கும். கடைசிப் பெயரைப் படித்து முடித்த அந்த நொடியே பாட்டின் முதல் மீட்டல் விழுந்தது. கூட்டம் கத்திய கத்தலில் பாடகர் தொடங்கியதே கேட்கவில்லை. அவர் பெயரை அன்றைக்கு யாரும் அறிவிக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் அண்ணனின் பெயர் உங்களுக்குத் தெரியும். கட்டுரையின் முதல் வரியிலேயே அதைப் போடுங்கள். அவர் வீட்டில் சம்மதம் கேட்டுக்கொண்டு, கிடார் இன்னும் இருக்கிறதா, என்ன கிடார் என்றும் பாருங்கள். பழைய நோட்டீஸ்கள் ஏதாவது கிடைத்தால் தேதியும் தெருவும் தெளிவாகிவிடும். அதற்கெல்லாம் முன்னால் மைக் செட் பெரியவரைப் போய்ப் பாருங்கள். அன்றைக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தாரா என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.