டூரிங் சைக்கிளில் சக்கரம் திருடு போகாமல் இருக்க எந்த மாதிரி ஸ்க்யூவர் வாங்கலாம்?

ஸ்க்யூவர் என்பது சக்கர அச்சின் நடுவே போய்ச் சக்கரத்தைச் சைக்கிளோடு இறுக்கிப் பிடிக்கும் கம்பி. நீங்கள் குவிக் ரிலீஸ் (கருவி இல்லாமல் லீவரைத் திருப்பியே கழற்றும் ஸ்க்யூவர்) வைத்த சைக்கிள் வாங்கியிருப்பீர்கள். "வீலைக் கழற்றிக்கிட்டுப் போயிடுவான்" என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். உடனே பிட்லாக், ஹெக்ஸ்லாக்ஸ் என்று சிறப்புச் சாவி இருந்தால் மட்டும் கழலும் வகைகளைத் தேட ஆரம்பித்திருப்பீர்கள். வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் டூர் போகிறவருக்குத் திருடனைவிடப் பெரிய தொல்லை, சும்மா நோண்டிப் பார்க்கிற கைதான். டீக்கடையில் நிறுத்தினால் நாலு பேர் வந்து கியரை அழுத்துவார்கள், பிரேக்கைப் பிடிப்பார்கள், "எவ்வளவுங்க ஆச்சு?" என்பார்கள். சக்கரத்தின் நடுவில் ஒரு லீவர் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் ஒரு திருப்பு. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் தங்கினோம். சைக்கிளை ரூமுக்குக் கொண்டுபோகக் கூடாது, டைல்ஸ் அழுக்காகும் என்று வாசலிலேயே நிறுத்த வைத்துவிட்டார்கள். காரில் வந்த குடும்பம் சேற்றுச் செருப்போடு அதே டைல்ஸில் நடந்து போனது. வாடகையில் சைக்கிள்காரனுக்கு ஒரு ரூபாய் குறைக்கிறார்களா? இல்லை. ஆதார் நகல் மட்டும் இரண்டு. இன்று வரைக்கும் எனக்கு ஆறவில்லை. சரி, அது வேறு கதை.

கிளம்புவதற்கு முன் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, மேலிருந்து டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். அன்று காலையில் தட்டியதும் சக்கரம் கீழே இறங்கியது. லீவர் திறந்து கிடந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் நுனியில் ஒரு சின்ன உதடு மாதிரி விளிம்பு இருக்கும், அதில்தான் அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தைச் சீக்கிரம் கழற்ற விடாது என்று அந்த விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்! டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) ஃபோர்க்குக்குப் பின்புறம் இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது அச்சைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை வரும். 2000 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் சாலை, வளைவுக்கு வளைவு பிரேக். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படியென்றால் சிறப்புச் சாவி போட்ட நட்டுதானே பாதுகாப்பு?" என்பீர்கள். அதே பயணத்தில் எங்களோடு வந்த தங்கை மாப்பிள்ளை அதைத்தான் போட்டிருந்தார். போகும்போது வத்தலக்குண்டில் பின்சக்கரம் பஞ்சர். நம் பஞ்சர் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒரு பக்கமாக உருவி ஒட்டிவிடுவார்கள். ஆனால் இவருக்கு வால்வு அடியில் கிழிந்திருந்தது, ஒட்ட முடியாது. டியூபை மாற்ற வேண்டும், அதற்குச் சக்கரம் வெளியே வர வேண்டும். சாவி மதுரையில் பீரோவில். கடைக்காரர் ஸ்பேனர் பெட்டியையே கொட்டிப் பார்த்தார், கட்டிங் பிளேயரால் முறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. தங்கை சாவியை ஒரு கவரில் போட்டு ஆரப்பாளையத்தில் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். அது வரும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வடை தின்றோம். திருடன் கையில் சிக்காத பூட்டு, சொந்தக்காரன் கையிலும் சிக்கவில்லை.

பிட்லாக்கைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தினமும் ரயில் நிலைய வாசலில் சைக்கிளை விட்டுப் போகிறவருக்கு அது சரியான பொருள். ஆபஸ் நட்ஃபிக்ஸ் போல, சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்வரை கழலாத வகையும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் சைக்கிளைப் படுக்க வைத்தால் திறந்துவிடலாம். பஸ் கூரையில் படுக்க வைத்துத்தானே கட்டுகிறோம்?

நான் போட்டிருப்பது 5 மி.மீ. ஆலன் கீயால் முறுக்கும் சாதா ஸ்க்யூவர். நோண்டுகிற விரலுக்கு அது திறக்காது. சாவி தொலைந்தாலும் பைக் மெக்கானிக் யாரிடமும் ஆலன் கீ கிடைக்கும். அப்புறம், ஆலன் கீயோடு வருகிற திருடனுக்கு இது தடையில்லை என்பது எனக்கும் தெரியும். ராத்திரியில் இரண்டு சக்கரத்தையும் ஃபிரேமோடு சேர்த்துக் கேபிள் போட்டுத்தான் தூங்குகிறேன்.

லீவர்தான் வேண்டும் என்றால் கேம் (லீவரைத் திருப்பும்போது இறுக்கிக் கொடுக்கும் உருளை) உள்ளே மூடியிருக்கும் வகையை வாங்குங்கள், பிடி நன்றாக இருக்கும். மூடும்போது லீவர் நேராக நீட்டி நிற்கும் நிலையிலேயே இறுக ஆரம்பிக்க வேண்டும், உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். முழுதாகத் திறந்தால் டிஸ்க்கைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். அப்படிச் சிக்கிக்கொள்ளும் என்றுதான் 2015இல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களுக்கு லீவரை மாற்றித் தருவதாக அறிவித்தது.

உங்களுடையது 12 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஸ்க்யூவருக்குப் பதிலாகத் தடித்த அச்சையே உருவிக் கழற்றும் வகை) என்றால் இந்த ஸ்க்யூவர் எதுவும் பொருந்தாது. இல்லையென்றால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். முன்னால் பெரும்பாலும் 100 மி.மீ., பின்னால் 135, ரோடு சைக்கிளாக இருந்தால் 130.