சட்டம் அறிவோம்: கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் கொலை வழக்கா?

கேள்வி: என் சித்தப்பா மகனுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு. வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பானபோது, அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தம்பி ஒரே ஒரு முறை அடித்துவிட்டான். தலையில் அடிபட்டவர் ஐந்தாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார். கொலை முயற்சி வழக்கு இப்போது கொலை வழக்காகிவிட்டது. கொல்லும் எண்ணமே அவனுக்கு இல்லை. சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றும் சொல்கிறார்கள். இது எப்படிக் கொலையாகும்?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சிகிச்சை பற்றிய வாதத்தை முதலில் விட்டுவிடுங்கள். தகுந்த வைத்தியத்தால் உயிரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்றாலும், காயத்தை உண்டாக்கியவரே மரணத்தை விளைவித்தவர் என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 100-ஆவது பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தையும், 101-ஆவது பிரிவு அதில் எது கொலை என்பதையும் வரையறுக்கின்றன. கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு, தாக்கியவரின் எண்ணம் நிரூபிக்கப்பட்டால் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. மரணம் நேரக்கூடும் என்ற அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை.

கொல்ல நினைத்தால்தான் கொலை என்று பலரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1958-இல் விர்சா சிங் வழக்கில், வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து விழுந்திருந்தது. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை. அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்து, அது இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதாக இருந்தால் கொலைதான் என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே 'ஒரே அடி' என்பது மட்டும் உங்கள் தம்பியைக் காப்பாற்றாது.

மறுபக்கத்துக்கு 1876-ஆம் ஆண்டின் கோவிந்தா வழக்கைப் பாருங்கள். 18 வயதுக் கணவன், 15 வயது மனைவியை உதைத்துக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் இரண்டு மூன்று முறை குத்தினான். மூளையில் இரத்தம் கசிந்து அந்தப் பெண் இறந்தாள். படிக்கும்போதே மனம் பதறும் கொடுமைதான். ஆயினும் கொல்லும் எண்ணம் இல்லை, அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதும் அல்ல என்று கண்ட பம்பாய் உயர் நீதிமன்றம், அதைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்றே தீர்மானித்தது. மரணம் நேரக்கூடும் என்பதற்கும், நேர்வதற்கே வாய்ப்பு மிகுதி என்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன.

உங்கள் வழக்கில் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வழக்கறிஞரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். மண்வெட்டியின் வெட்டும் பக்கம் பட்டதா, பின்பக்கமா, காம்பா என்பதைக் காயத்தின் தன்மை காட்டிவிடும். முன்யோசனையின்றித் திடீர்ச் சண்டையில், ஆவேசத்தில், அளவுக்கு மீறிய சாதகத்தை எடுத்துக்கொள்ளாமலும் கொடூரமாக நடந்துகொள்ளாமலும் செய்த செயல் கொலையாகாது என்ற விதிவிலக்கும் இருக்கிறது. அதில் முதலில் கை ஓங்கியவர் யார் என்பது பொருட்டே அல்ல. மண்வெட்டி அங்கேயே கிடந்ததா, வீட்டுக்குப் போய் எடுத்து வந்ததா என்பது இங்கே மிக முக்கியம். அதனால், சம்பவ இடத்திலேயே அவன் இல்லை என்று சொல்ல வைக்கும் உறவினர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அப்படிச் சொன்ன பிறகு திடீர்ச் சண்டை என்று வாதாடுவது மிகவும் கடினம். காவல்துறை கொலைப் பிரிவைச் சேர்த்ததாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. விசாரணையின் முடிவில், தனிக் குற்றச்சாட்டு வனையாமலேயே, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: திடீர் ஆத்திரத்துக்குச் சலுகை தரும் சட்டம், பல ஆண்டுகள் கொடுமையைத் தாங்கிய பெண் ஒருநாள் நிலைகுலைந்தால் கண்டுகொள்ளாதா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சட்டத்தின் எழுத்தில் இருப்பது கடுமையான, திடீரெனத் தூண்டப்பட்ட ஆத்திரம் மட்டுமே. 1959-இல் மனைவிக்கு வேறொருவரோடு இருந்த தொடர்பை அவர் வாயாலேயே கேட்டறிந்த கடற்படை அதிகாரி நானாவதி, குடும்பத்தைத் திரையரங்கில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்கி, அதன் பிறகே அந்த நபரான பிரேம் அஹுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஏறக்குறைய மூன்று மணி நேர இடைவெளியில் மனம் தெளியப் போதிய அவகாசம் இருந்தது என்று கூறி, 1961-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

இந்த அளவுகோல் ஆறப்போட்டு வஞ்சம் தீர்ப்பவருக்குப் பொருந்தும். நாள்தோறும் சிறுகச் சிறுக நொறுக்கப்பட்டவருக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. நம் சென்னை உயர் நீதிமன்றம் இதை உணர்ந்திருக்கிறது. குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989-இல் அந்நீதிமன்றம் நல்லதங்காளை நினைவுகூர்ந்து, 'நீடித்த ஆத்திரமூட்டல்' என்பதையும் கணக்கில் கொள்ளலாம் என்றது. கடைசியாக நடந்தது அற்பமான சம்பவமாக இருந்தாலும், அதற்கு முந்தைய கொடுமைகளின் தொடரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் 2023-இல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் நாடாளுமன்றம் இதைத் தனி விதிவிலக்காகச் சேர்க்கவில்லை. எனவே மருத்துவமனைச் சீட்டுகள், மகளிர் காவல் நிலையத்தில் முன்பு கொடுத்த புகார்கள், அக்கம்பக்கத்தாரின் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வொரு பெண்ணும் இன்றும் தன் வழக்கை நிலைநாட்ட வேண்டியிருக்கிறது.