பிக்கப் சேசிஸில் தொட்டி பிராக்கெட் மாற்றுவது: கேள்வி பதில்

பின்தொட்டி (சரக்கு ஏற்றும் பகுதி) சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேரும் இடத்தில் வெல்டு வைத்திருக்கும் பிராக்கெட் துருப்பிடித்தோ விரிசல் விட்டோ போனால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பிராக்கெட் போனால் வேறு ஒன்று போடலாம், ஆனால் அதை மாற்றப் போய் சேசிஸ் ரெயிலை (இரண்டு பக்கமும் வண்டியின் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டத்தை) கெடுத்துவிட்டால் வண்டியே போச்சு. கீழே நான் சொல்வது எல்லாமே ரெயிலைக் காப்பாற்றத்தான்.

கே: அண்ணா, பள்ளத்தில் இறங்கினால் பின்னால் 'டொம்' என்று சத்தம் வருகிறது. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் ஒரு பக்கம் குறைந்த மாதிரி இருக்கிறது. பிராக்கெட்தானா?

அப்படித்தான் தெரிகிறது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள், போல்ட் இறுக்கமாக இருக்கிறது என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். பிராக்கெட் ரெயிலோடு சேரும் வெல்டு ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால், விரிசல் இருக்கும் இடத்தில் முடி மாதிரி ஒரு கோடும் அதிலிருந்து செம்பழுப்பாகத் துருத்தூள் வழிந்த தடமும் தெரியும். மேலே ஒருவரைத் தொட்டியைப் பிடித்து ஆட்டச் சொல்லிவிட்டு அந்தக் கோட்டையே பாருங்கள், லேசாகத் திறந்து மூடினால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் சுத்தியலால் பிராக்கெட்டைச் சுற்றி ரெயிலைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். உள்ளே தின்றுபோன இரும்பு 'சொத்'தென்று ஒலிக்கும், பொருக்குப் பொருக்காக உதிரும். ஸ்குரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால் பிராக்கெட்டை மறந்துவிடுங்கள், முதலில் சேசிஸ் வேலை செய்பவரிடம் ரெயிலைக் காட்ட வேண்டும். மெலிந்த ரெயில்மேல் புது பிராக்கெட் வைத்தால் வெல்டு பிடிக்காமல் ஓட்டைதான் விழும், பிடித்தாலும் நிற்காது.

கே: தொட்டியைக் கழற்றாமல் கீழே படுத்தே வெல்டு வைத்துவிடலாமா?

வேண்டாம். நிறைய பிக்கப்களில் டீசல் அல்லது பெட்ரோல் டேங்க் ரெயிலை ஒட்டியே இருக்கும், பிரேக் குழாயும் ஒயரிங்கும் அதே ரெயிலில்தான் ஓடும். ஈரத்துணி போர்த்திவிட்டு வேலை செய்கிறார்கள், அதை நம்பாதீர்கள். பிராக்கெட் டேங்க் பக்கம் இருந்தால் டேங்கை இறக்கி தூரமாக வைத்துவிட வேண்டும். காலி டேங்க் இன்னும் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும்.

தொட்டியைக் கழற்றுவது நினைப்பது போல் பெரிய வேலை இல்லை. பின்விளக்கு ஒயர் சாக்கெட், எர்த் ஒயர், எரிபொருள் ஊற்றும் வாயைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள், அதோடு ஆறு அல்லது எட்டு போல்ட், அவ்வளவுதான். போல்ட் துருவேறி இறுகியிருந்தால் முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். நாலு பேர் இருந்தால் தூக்கிவிடலாம்.

கே: வெல்டு வைத்தால் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ட்ரோல் யூனிட் எதுவும் இருந்தால் அதன் சாக்கெட்டையும் பிடுங்கிவிடுங்கள். இதைவிட முக்கியம் வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்ப். அதை வெல்டு விழும் இடத்துக்கு ஒரு சாண் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். முன் பம்பரில் மாட்டிவிட்டுப் பின்னால் வெல்டு வைத்தால் கரன்ட் பேரிங், கியர், ஒயரிங் என்று கிடைத்த வழியில் எல்லாம் போகும்.

கே: பழைய பிராக்கெட்டை எப்படி எடுப்பது? காஸ் கட்டிங் போடலாமா?

காஸ் வேண்டாம், சூடு ரெயில் முழுக்கப் பரவும், கை கொஞ்சம் நழுவினால் ரெயிலில் பள்ளம். கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டு, வெல்டை வெட்டாமல் வெல்டுக்கு வெளியே பிராக்கெட்டின் உடம்பை வெட்டி எடுங்கள். ரெயிலில் வெல்டும் அதோடு ஒட்டின சின்னத் துண்டும் மிச்சமிருக்கும். இனி கட்டிங் வீலைக் கழற்றிவிட்டு கிரைண்டிங் வீலில் மெதுவாகக் குறைத்து, கடைசி ஒரு மில்லி மீட்டர் இருக்கும்போது ஃபிளாப் டிஸ்க்குக்கு (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வீல்) மாறிவிடுங்கள். பழைய வெல்டுக்கும் ரெயிலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரிந்துகொண்டே வரும், அது மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் தேய்க்கிற ஒவ்வொரு நொடியும் ரெயிலின் கனம் குறைகிறது. ரெயிலின் குறுக்கே கிரைண்டர் கீறல் விழுந்தால் பின்னால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், அதனால் கடைசித் தேய்ப்பு ரெயிலின் நீளவாக்கில் இருக்கட்டும்.

கே: புது பிராக்கெட்டைச் சரியான இடத்தில் வைப்பதுதான் எனக்குப் பயம். அரை இஞ்ச் தள்ளிப்போனால் போல்ட் ஏறாதே?

நியாயமான பயம். வெட்டுவதற்கு முன்னாலேயே அளவு எடுத்துவிடுங்கள்: ரெயிலில் மாறாத ஒரு ஓட்டையிலிருந்து பிராக்கெட் ஓட்டையின் மையம் வரை, ரெயிலின் மேல்விளிம்பிலிருந்து பிராக்கெட்டின் மேல்முகம் வரை, அப்புறம் எதிர்ப்பக்க ரெயிலில் உள்ள பிராக்கெட்டுக்குக் குறுக்களவு. உடைந்த பிராக்கெட் தொங்கிப்போயிருக்கும், அதை அளந்து பயனில்லை. மறுபக்கத்து நல்ல பிராக்கெட்டை அளந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வண்டி என்றால் அதையே இந்தப் பக்கம் வையுங்கள்.

ஆனால் கடைசி முடிவைத் தொட்டியிடமே விடுங்கள். புது பிராக்கெட்டைத் தொட்டியின் அடியில் போல்ட் போட்டு லேசாக மாட்டி, தொட்டியை இறக்கி, மற்ற போல்ட்களை எல்லாம் இறுக்கி, கேபின் இடைவெளி இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டு பிராக்கெட் எங்கே உட்காருகிறதோ அந்த இடத்தைச் சுற்றிக் கோடு கிழியுங்கள். டேங்கும் ஒயரிங்கும் அகற்றியிருந்தால் அங்கேயே இரண்டு மூன்று புள்ளி டேக் (பிடித்து நிற்க மட்டும் சின்ன வெல்டு) வைத்துவிட்டு, தொட்டியைத் தூக்கிவிட்டு முழு வெல்டு வைக்கலாம்.

கே: ராடா, மிக்கா? எந்தப் பக்கமெல்லாம் வெல்டு ஓட்ட வேண்டும்?

இரண்டிலும் நல்ல வேலை செய்யலாம், கை பழகியதை எடுங்கள். மிக் (ஒயர் தானாக வரும் வெல்டிங்) என்றால் 0.8 அல்லது 0.9 மி.மீ. ஒயர், 75 பங்கு ஆர்கானும் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த காஸ் போதும். ராடு என்றால் ஈரம் ஏறாத 7018 வகை ராடு.

எங்கே வெல்டு என்பதுதான் பெரிய விஷயம். சுமை ஏறும்போது ரெயிலின் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும்தான் அதிகமாக இழுபடும், நசுங்கும். அவற்றை இணைக்கும் நடுச்சுவர் அவ்வளவு பாடுபடாது. அதனால் பிராக்கெட்டின் வெல்டு முடிந்தவரை நடுச்சுவரில், ரெயிலின் நீளவாக்கில் இருக்கட்டும். பட்டைகளின் விளிம்பு வரை குறுக்கே வெல்டு ஓட்டாதீர்கள். கம்பெனி வெல்டு எங்கே நின்றதோ அங்கேயே நிறுத்துங்கள், 'இன்னும் பலமாக இருக்கட்டும்' என்று சுற்றி வளைத்து வைத்தால் பலவீனம்தான் மிஞ்சும். ஒரு இஞ்ச் வைத்ததும் எதிர்ப்பக்கம் போங்கள், சூடு ஒரே இடத்தில் சேராது. தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது, தானாக ஆறட்டும்.

இன்னொன்று, சில கனரக வண்டிகளின் சேசிஸ் வெப்பப் பதம் ஏற்றிய எஃகு. வெல்டு வைக்காதே, துளை போடாதே என்று ரெயிலிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். இருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள்.

கே: வெல்டுக்கு முன்னால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்கலாம்தானே?

கூடாது! குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மிச்சமிருக்கும் இரும்பில் ஆர்க் அடித்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுக் காற்று உண்டாகும், உயிரையே எடுத்துவிடும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்து, டப்பாவை தூரமாக வைத்துவிட்ட பிறகு வெல்டு வையுங்கள். பிராக்கெட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் மாதிரி வரும்.

கே: வெல்டே வேண்டாம், போல்ட் போட்டு மாட்டினால்?

ரிவெட் வைத்த பிராக்கெட் என்றால் அதே ஓட்டைகளில் 10.9 கிரேடு (அதிக பலமுள்ள) போல்ட் இறுக்கமாகப் பொருந்துகிற மாதிரி போடுவது நல்ல வழி. வெல்டு பிராக்கெட்டுக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருக்கும். நடுச்சுவரில் என்றால் வண்டிக் கம்பெனியின் பாடி கட்டும் வழிகாட்டி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம், மேல் கீழ்ப் பட்டைகளில் போடவே போடாதீர்கள். நாலு பக்கமும் மூடிய பெட்டி ரெயிலாக இருந்தால் உள்ளே குழாய் ஸ்லீவ் கொடுக்காமல் இறுக்கினால் சுவர் உள்வாங்கிவிடும்.

கே: வேலை முடிந்தபின் பெயின்ட் எப்படி?

எப்பாக்ஸி பிரைமர், மேலே சேசிஸ் பெயின்ட். பெட்டி ரெயில் என்றால் உள்பக்கத்திலும் வெல்டு சூட்டில் பெயின்ட் கருகியிருக்கும், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நீளக் குழாய் வைத்து உள்ளே மெழுகு ஸ்பிரே அடியுங்கள், தண்ணீர் வடியும் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: தொட்டியைத் திரும்ப மாட்டும்போது பழைய போல்ட்டே போதுமா?

துருவேறின போல்ட் வேண்டாம், அதே கிரேடில் புதிது வாங்குங்கள். எல்லாவற்றையும் கையால் ஏற்றிவிட்டு, கேபின் இடைவெளியைச் சரிபார்த்து, அப்புறம் வண்டியின் மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். முதல் தடவை லோடு அடித்து இறக்கியதும் ஒருமுறை கீழே போய் போல்ட் டார்க்கையும் வெல்டு ஓரத்துப் பெயின்ட்டையும் பாருங்கள். பெயின்ட்டில் மெல்லிய கோடு விழுந்திருந்தால் அடுத்த லோடு ஏற்றாதீர்கள்.