கோணலாகக் கூடிய கால் எலும்பை மறுபடி உடைக்கணுமா?

கேள்வி: மூன்று வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. மாவுக்கட்டு போட்டோம், கூடிவிட்டது. ஆனால் கால் வில் மாதிரி வளைந்து, ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகவும் இருக்கிறது. இப்போது முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. மறுபடி உடைத்துத்தான் நிமிர்த்த வேண்டும் என்கிறார் டாக்டர். கேட்டதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. வயது 38.

பதில்: 'உடைப்பது' என்ற சொல்தான் ஆளைப் பயமுறுத்துகிறது. மயக்கம் கொடுத்து, முன்பே கணக்குப் போட்டுக் குறித்த இடத்தில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, உளியால் எலும்பை வெட்டுவார்கள் (உளியைத் தட்டச் சுத்தியல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை). பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பையும் பெரும்பாலும் வெட்ட வேண்டி வரும், இல்லாவிட்டால் அது பெரிய எலும்பை நிமிர விடாது.

வளைந்த கால் எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. பக்கவாட்டில் 5 டிகிரிக்குள் வளைவு, ஒரு சென்டிமீட்டருக்குள் குறைவு என்றால் பலரும் அப்படியே காலம் தள்ளிவிடுகிறார்கள். உங்கள் கதை வேறு. கால் வில்லாக வளைந்தால் உடல் எடை முழங்காலின் உள்பக்கத்திலேயே போய் விழும், அங்கே குருத்தெலும்பு தேயும், நீங்கள் சொல்லும் வலி அதன் ஆரம்பமாக இருக்கலாம். 38 வயதில் மூட்டு நன்றாக இருக்கும்போதே எலும்பை நிமிர்த்துவதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

உடைந்த இடத்தை மட்டும் எடுத்த எக்ஸ்ரேயை வைத்து முடிவு செய்யாதீர்கள். நின்றபடி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, இரண்டு காலுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். பாதம் திரும்பியிருந்தால் சிடி ஸ்கேனும் வேண்டும்.

குட்டையாக இல்லாவிட்டால் ஒரே நாளில் நிமிர்த்தி ராடோ பிளேட்டோ வைத்துவிடலாம். நீளமும் வேண்டுமென்றால் வெளியே வளையங்கள் மாட்டும் இலிசரோவ் முறை பற்றிப் பேசுவார்கள். 1950களில் சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் என்ற டாக்டர் உருவாக்கியது. வெட்டி ஒரு வாரம் போல விட்டுவிட்டு, தினம் ஒரு மில்லிமீட்டர், அதையும் நாலு தடவையாகப் பிரித்துத் திருகி விலக்குவார்கள், இடைவெளியில் புது எலும்பு வளரும். ஒன்றரை சென்டிமீட்டருக்குப் பதினைந்து நாள்தானே என்று நினைத்துவிடாதீர்கள்! அந்தப் புது எலும்பு கெட்டியாகச் சில மாதங்கள் ஆகும், அதுவரை வளையத்தோடுதான் தூக்கம், குளியல், எல்லாம். வளையத்தை எலும்போடு பிணைக்கும் கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தில் சீழ் வைப்பது சகஜம், பெரும்பாலும் சுத்தம் செய்து மாத்திரை சாப்பிட்டால் அடங்கிவிடும். பெரிய வளைவை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் நரம்பு இழுபட்டுப் பாதம் தூக்க முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு. உங்கள் வளைவு எத்தனை டிகிரி, எந்த முறை, ஏன், எப்போது கால் ஊன்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள், எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதில் அதற்கு நல்ல திறமை.

கேள்வி: என் 5 வயது மகனுக்கும் இதே எலும்பு லேசான வளைவோடு கூடியிருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த வயதில் லேசான வளைவை வளர்ச்சியே ஓரளவு நிமிர்த்திவிடும். ஆனால் எலும்பு முறுக்கிக்கொண்டு கூடியிருந்தால் அது பெரும்பாலும் தானாகச் சரியாகாது. நடக்கும்போது அவன் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.