வாசகர் கேள்வி பதில்: கல்திட்டை பாக்க எங்க போலாம்?

கேள்வி (தருமபுரி வாசகி): லீவுல பசங்களுக்கு கல்திட்டை, முதுமக்கள் தாழியெல்லாம் காட்டணும். எங்க போலாம்? கல்லுல ஓட்டை போட்டிருக்காங்களே, அது எதுக்கு?

பதில்: உங்களுக்குப் பக்கத்துலயே கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரம் இருக்கு, முதல்ல அங்க போங்க. பாறைக் குன்று மேல கூட்டம் கூட்டமா கல்திட்டைங்க, அதாவது பழங்காலத்துல செத்தவங்களுக்காகக் கட்டின கல் அறைங்க, நிக்குது, வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க, தண்ணி மறக்காதீங்க. நாலு பக்கமும் பலகைக்கல், மேல ஒரே மூடுகல், ஒரு பக்கத்துக் கல்லுல வட்டமா ஓட்டை, அதான் இடுதுளை. செத்தவங்க எலும்பையும் படையலையும் உள்ள வைக்கத்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, ஆவி வந்து போற வழின்னும் ஒரு கருத்து இருக்கு. அந்த ஓட்டையோட விளிம்பை கிட்டப் போய் பாக்கச் சொல்லுங்க, இவ்ளோ கெட்டிக் கல்ல எப்படிக் குடைஞ்சாங்கன்னு பசங்களே கேப்பாங்க. மேல ஏறி செல்ஃபி மட்டும் வேணாம், புதையல் தேடுறவங்களும் கல் உடைக்கறவங்களும் நாசம் பண்ணது போக மிச்சம்தான் நம்ம கண்ணுல படுது.

முதுமக்கள் தாழி, அதாவது செத்தவங்களை வெச்சுப் புதைச்ச பெரிய மண்பானை பாக்கணும்னா, தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூர்தான். தாமிரபரணிக் கரை, 1876லயே ஜாகோர்னு ஜெர்மன்காரர் தோண்டி, கிடைச்சதுல நிறைய பெர்லினுக்குப் போயிடுச்சு. 2023ல அங்கயே மியூசியம் திறந்தாங்க, கண்ணாடித் தரை மேல நின்னு குனிஞ்சா, தாழிங்க புதைச்ச இடத்துலயே இருக்கறது தெரியும். புறநானூறு 256வது பாட்டுல புருஷனை இழந்த ஒரு பொண்ணு குயவர்கிட்ட, ஈமத்தாழிய எனக்கும் சேர்த்து அகலமா வனைங்கன்னு கேக்கறா, அதை அங்க வெச்சு பசங்களுக்குச் சொல்லுங்க.

கேள்வி (காங்கேயம் வாசகர்): எங்க காட்டுல வட்டமா கல்லு பதிஞ்சிருக்குங்க. உழும்போது உள்ள கருப்பு, வெளிய சிவப்புன்னு பானை ஓடு வருது. கல்ல எடுத்துட்டு சமன் பண்ணிடலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாங்க! அது கல்வட்டமா, அதாவது பழங்கால ஈமக்குழியைச் சுத்தி நட்ட கல்லா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், கீழ கல்பதுக்கையோ (பலகைக்கல்லால பெட்டி மாதிரி செஞ்ச புதைகுழி) தாழியோ இருக்கலாம். பானைய கவுத்து வெச்சு சுட்டா உள்பக்கம் காத்து படாம கருத்துடும், உங்க கையில இருக்கறது அந்த மாதிரி கருப்பு சிவப்பு ஓடுதான்னு தோணுது. உங்க பக்கத்துல நொய்யல் கரையில இருக்கற கொடுமணல், பதிற்றுப்பத்துல வர்ற ஊரு, அங்க ஈமக்குழிகள்ல சூதுபவளங்கற சிவப்புக் கல்லுல செஞ்ச மணிகூட கிடைச்சிருக்கு. எந்த ஆழத்துல எது பக்கத்துல எது கிடந்துச்சுங்கறத வெச்சுத்தான் காலத்தையே கணக்கு போடறாங்க, கலைச்சுட்டா அந்தத் தகவல் போயிடும். அதனால ஓடு பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து, மேப்ல இடத்தைக் குறிச்சு, விஏஓகிட்டயும் மாநில தொல்லியல் துறைக்கும் எழுதிக் குடுங்க, அவங்க வந்து பாக்கற வரைக்கும் அந்த மூலைய உழாம விட்டுடுங்க.